கோபம் ஆள் பார்த்துத்தான் வருகிறது

"அவருக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்." இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் உடம்பு எரிகிறது. போன மாதம் வேலந்தாவளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பாலக்காட்டு ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், எங்கள் மேனேஜர் இப்போது வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார், சர்க்கரை முற்றி ஒரு காலுக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு, "பாவங்க்கா, நல்ல மனுசன், கோவம் மட்டுந்தான் கொஞ்சம் ஜாஸ்தி, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு" என்றாள். எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை. அவளையே அந்த மனுஷன் வாடிக்கையாளர்கள் முன்னால் என்னென்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் மறந்திருக்காது. அவர் கால் குணமாகட்டும், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு மட்டும் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தொண்டையிலேயே நின்றது. பாலக்காட்டில் இதையே "தேஷ்யம் உண்டு, பட்சே ஆளு பாவமா" என்பார்கள். கஞ்சிக்கோட்டு ஃபாக்டரியிலும் இதுதான், கோயம்புத்தூர் மில்லிலும் இதுதான், அரசாங்க ஆபீஸிலும் இதுதான். திட்டுகிறவருக்கு ஊரே வக்கீலாக நிற்கிறது. மனசில் வைத்துக்கொள்ளாதவர் அவர், சரி. திட்டு வாங்கியவள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? கடைசி பஸ்ஸில் வாளையார் தாண்டி வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறாள். பிள்ளை மேல் எரிந்து விழுகிறாள், சாப்பிடாமல் படுக்கிறாள், மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போதே அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது.

நான் க.க.சாவடிக்காரி, கேரள எல்லையை ஒட்டிய தமிழ்நாட்டு ஊர். எங்கள் ஊர் ரோட்டில் பாலக்காட்டு பஸ்ஸும் போகும், கோயம்புத்தூர் பஸ்ஸும் போகும், எந்தப் பக்கம் முதலில் வேலை கிடைக்கிறதோ அந்தப் பக்கம் ஏறிவிடுவோம். எனக்கு மேற்கே கிடைத்தது. கடையில் கணக்குப் பிரிவு. விற்பனைப் பெண்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம், வாளையார் என்று எல்லையை ஒட்டிய ஊர்கள். அட்டப்பாடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்த பிள்ளைகளும் இருந்தார்கள். மீதி பாலக்காட்டுச் சேச்சிமார். ஆடித் தள்ளுபடிக்குப் பாலக்காட்டு ஜனமே ஒப்பணக்காரத் தெருவுக்குக் கிளம்பிவிடும், அப்போது கடை காற்று வாங்கும். ஓணக்கோடி எடுக்க ஆரம்பித்துவிட்டால் மூச்சு விட நேரம் இருக்காது. என் மேஜை இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய கண்ணாடி அறையில். ஒரு பக்கம் பட்டுப் பிரிவு முழுக்கத் தெரியும், இன்னொரு பக்க ஜன்னலில் பின்வாசல் தெரியும், சரக்கு லாரி வந்து நிற்கிற இடம். அந்த இரண்டு பக்கமும் ஒரே இடத்திலிருந்து தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வேலையிடத்துக் கொடுமை என்றால் கத்துவது என்று நினைக்கிறோம். கத்துவது அதில் கொஞ்சம்தான். ஒருத்தி மடித்து அடுக்கிய சேலைக் கட்டை வந்து கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி மடி என்று சொல்லிப் போவார். பாத்ரூம் சாவி கேஷியரிடம் இருக்கும், நாலு பேர் முன்னால் கேட்டு வாங்க வேண்டும், "இப்பத்தான் போனே" என்ற பேச்சையும் கேட்க வேண்டும். இதற்குப் பயந்தே பல பெண்கள் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், நீர்க்கடுப்பு என்று சுருண்டு கிடப்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது, ரேக்கில் சாய்ந்தால் பேனாவால் கண்ணாடியைத் தட்டுவார். தமிழ்ப் பெண்களை "பாண்டி" என்று கூப்பிடுவார், தமிழரை அங்கே இளக்காரமாகச் சொல்கிற பேர் அது, அதற்குச் சிரிக்கவும் வேண்டும், முகம் சுண்டினால் "தமாஷுக்குச் சொன்னேன்" என்பார். தீபாவளிக்கு லீவு கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து ட்யூட்டி போடுவார். எனக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது இன்சென்டிவ் தாள். ஒருத்தி நாள் முழுக்க நின்று விற்ற பட்டுச் சேலை இன்னொருத்தி பெயரில் ஏறியிருக்கும், மாத முடிவில் அந்தத் தாள் என் மேஜைக்குத்தான் வரும். கேட்டால் "பில் போடும்போது மாறிப்போச்சு" என்று பதில். அது மாறுவது எப்போதும் ஒரே ஆட்களுக்குத்தான்.

ஹைன்ஸ் லேமன் என்று ஒரு உளவியலாளர், 1980களில் சுவீடனில் இதைப் பற்றி முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர். வாரத்துக்கு ஒரு தடவையாவது, ஆறு மாதத்துக்குக் குறையாமல், ஒரே ஆளைக் குறிவைத்து நடந்தால் அது இந்தக் கொடுமை என்று அவர் ஒரு அளவு வைத்தார். ஆராய்ச்சிக்கு ஒரு அளவு வேண்டும், புரிகிறது. ஆனால் 2019-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கை ஒரே தடவை நடந்தாலும் அது வன்முறைதான், துன்புறுத்தல்தான் என்கிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஏனென்றால் கடையில் எதைச் சொன்னாலும் "ஒரு தடவைதானே, விடு" என்பார்கள். அப்படி விட்டுவிட்டுத்தான் அடுத்த தடவை வருகிறது.

யாரைத் திட்டினார், யாரைத் திட்டவில்லை

2018 ஆகஸ்ட் வெள்ளம் அந்த வருஷத்து ஓண வியாபாரத்தை அப்படியே அடித்துக்கொண்டு போனது. 2019 ஆகஸ்டிலும் மழை விடவில்லை. திருவோணம் செப்டம்பர் 11. இரண்டு வருஷத்து நஷ்டத்தை அந்த ஒரே சீசனில் எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி நின்றார். மேனேஜரை அறைக்குள் கூப்பிட்டு வைத்து அவர் பேசியது எனக்கே கேட்டிருக்கிறது, காது கொடுத்துக் கேட்கிற பேச்சு இல்லை. ஆக, மேனேஜருக்கும் மேலே ஒரு கை இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்லவே இல்லை. மேலே வாங்கியதை அவர் எங்கே கொண்டுபோய் இறக்கினார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

திருவோணத்துக்கு முந்தின வாரம். பட்டுப் பிரிவில் கொழிஞ்சாம்பாறை அக்கா, எங்கள் கடையிலேயே கசவுச் சேலையைப் பற்றி அவரளவுக்குத் தெரிந்தவர் கிடையாது. ஒரு குடும்பம் வந்து ரேக்கையே இறக்க வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனது. ஜவுளிக்கடையில் இது தினமும் நடப்பது. மேனேஜர் வந்தார். கூட்டம் நிறைந்த தளத்தில், "வாயில என்ன வெச்சிருக்கே, சோறு திங்க மட்டும் தெரியுதில்ல" என்று தமிழில் ஆரம்பித்தார். அவர் நன்றாகத் தமிழ் பேசுவார், திட்டும்போது மட்டும் தமிழ்ப் பெண்களிடம் தமிழ். அக்கா, "காட்டினேன் சார், அவங்களுக்குக் கலர் பிடிக்கல" என்று சொல்லி முடிப்பதற்குள் விரித்துக் கிடந்த சேலையை அள்ளி அவர் முகத்தில் வீசினார். ஜரிகை விளிம்பு கண்ணோரத்தில் இழுத்துவிட்டது. அக்கா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் சேலை கீழே விழாமல் பிடித்தார், அழுக்கானால் அதையும் சம்பளத்தில் பிடிப்பார்கள். தளத்தில் ஒரு நிமிஷம் பேச்சு நின்றது. அப்புறம் வந்தவர்கள் சேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே நேரம் கீழேயிருந்து ஆள் வந்தது, சூரத் லாரி வந்துவிட்டது என்று. மேனேஜர் இறங்கிப் போனார். நான் இந்தப் பக்க ஜன்னலுக்குத் திரும்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சுமை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் துணிப் பேல்களை இறக்கி, உள்ளே வைக்காமல் ஈரத் தரையிலேயே வைத்திருந்தார்கள், ஒரு பேலின் மூலை சாக்கடைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் சேலை எடுக்காமல் போனதற்கும் இதற்கும் ஒப்பே கிடையாது, இது கண்ணெதிரே பணம் கரைவது. நான் பெரிய சத்தத்துக்குக் காத்திருந்தேன். மனுஷன் குடையைப் பிடித்துக்கொண்டு போய், "சேட்டன்மாரே, இதொந்நு அகத்தேக்கு வெச்சுத் தருமோ" என்றார், அண்ணன்மாரே, இதைக் கொஞ்சம் உள்ளே வைத்துத் தருவீர்களா என்று. அவ்வளவு பதமாக. ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சாயா குடிச்சிட்டு" என்றார். இவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்துப் பையனிடம் கொடுத்து எல்லோருக்கும் சாயா வாங்கி வரச் சொன்னார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. மேலே சேலையை வீசிய கை சூடு ஆறக்கூட நேரம் ஆகியிருக்காது.

அந்த இடத்தில்தான் எனக்கு அதுவரைக்கும் நம்பியிருந்த ஒன்று அறுந்தது. கோபக்காரர், அடக்க முடியாதவர், ரத்த அழுத்தம் என்றெல்லாம் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோமே, அடக்க முடியாத கோபத்துக்கு ஆளைப் பார்த்து அடங்கத் தெரியுமா? அதற்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். சுமட்டுக்காரர்களை அவர் திட்டியதே இல்லை. பிளவுஸ் பிரிவு டெய்லர் மாஸ்டரைத் திட்டியதில்லை, அவர் கோபித்துக்கொண்டால் மறுநாளே எதிர்க்கடையில் மெஷின் போட்டு உட்கார்ந்துவிடுவார். சேச்சிமாரில் ஒருவரைத் திட்டியதில்லை, அவர் அண்ணன் கட்சியில் ஏரியா கமிட்டி. என்னையும் திட்டியதில்லை, எந்தப் பணம் எந்தக் கணக்கில் போகிறது என்று எனக்குத் தெரியும். திட்டு வாங்கியது யார் என்று பார்த்தால், கடையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டிருந்தவர்கள், புருஷன் இல்லாதவர்கள், கேட்க ஆளில்லாத அட்டப்பாடிப் பிள்ளைகள், மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமல் எல்லை தாண்டி வந்தவர்கள். யாரைத் தொட்டால் திருப்பிக் கேள்வி வராது என்பது அவர் மனசில் ஒரு பட்டியலாகவே இருந்தது. கோபம் வரும் முன்னாலேயே அந்தப் பட்டியல் தயார்.

சுமட்டுத் தொழிலாளிகளைப் பற்றி எங்கள் பக்கம் ஆயிரம் புகார் சொல்வார்கள். நோக்குக்கூலி என்று சுமக்காத சுமைக்குப் பணம் கேட்டதை 2018 மே 1-லிருந்து கேரள அரசே நிறுத்தியது, அது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 1978-லேயே அவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது, நல வாரியம் வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் ஒருவரைச் சொன்னால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் மேனேஜர் சாயா வாங்கிக் கொடுத்தது அந்தப் பத்துப் பேருக்குத்தான். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "பாண்டி" என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரியிலும் மில்லிலும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களை "டேய் இந்திக்காரா" என்று கூப்பிடுவதைக் கேட்டவர்கள்தானே நாம், அங்கேயும் இதே பட்டியல்தான் வேலை செய்கிறது.

லேபர் ஆபீஸில் கேட்ட கேள்விகள்

அன்றைக்கு சாயங்காலம் அக்கா அழவில்லை. பஸ் ஸ்டாண்டில், "நாளையிலிருந்து வரமாட்டேங்கண்ணு, பொம்பளப் புள்ளைய வெச்சுட்டு இந்தச் சோறு திங்க முடியாது" என்றார். அவரைப் போகவிடாமல் நிறுத்தியது நானல்ல, ஏரியா கமிட்டி அண்ணன் இருந்த அந்தச் சேச்சி. மறுநாள் காலையில் கொழிஞ்சாம்பாறைக்கே போய்விட்டார். "நீங்க போனா அடுத்து யாரு முகத்துல எறிவாரு, அதச் சொல்லுங்க" என்று தன் பாதித் தமிழில் கேட்டாராம். அந்தக் கடையில் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவருக்கு இதில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை, இழப்பதற்கு வேலை இருந்தது. இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிவது அவர்தான்.

அக்கா, சேச்சி, நான், மூன்று பேருமாக லேபர் ஆபீஸுக்குப் போனோம். அசிஸ்டென்ட் லேபர் ஆபீசர் முழுக்கக் கேட்டார், நடுவில் ஒரு தடவைகூட மணியைப் பார்க்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி. கேட்டுவிட்டு, சேலையை முகத்தில் வீசியதற்கும் திட்டியதற்கும் என் கையில் இருக்கிற சட்டத்தில் இடமில்லை, வேண்டுமானால் போலீஸுக்குப் போகலாம் என்றார். அப்புறம் அவராகவே கேள்வி கேட்க ஆரம்பித்தார். உட்கார ஸ்டூல் இருக்கிறதா? பாத்ரூம் எப்படி? வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா? எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஓவர்டைம் கொடுக்கிறார்களா? சம்பளச் சீட்டு கையில் கொடுக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் அக்கா "இல்லைங்க" என்று சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார்.

அந்த முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்கிற பெண்களுக்குப் போகக் கழிப்பறை இல்லை என்று ஆரம்பித்து, "பெண்கூட்டு" என்று அமைப்பாகச் சேர்த்து, அப்புறம் உட்கார உரிமை கேட்டு வருஷக்கணக்கில் நின்றார். அதன் பலனாக 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் அதே திருத்தம் 2021-இல் வந்தது. நாற்காலியைக் கேட்கவா இவ்வளவு பெரிய போராட்டம் என்று தோன்றலாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்துக் கத்துவதற்கும் காலையிலிருந்து நின்று கால் நரம்பு புடைத்துப்போனவளைப் பார்த்துக் கத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை அந்தக் கடையில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடையில் சோதனை நடந்தது. ஸ்டூல்கள் வந்தன. பாத்ரூம் சாவி கேஷியர் மேஜையிலிருந்து போய்க் கதவிலேயே தொங்கியது. ஓவர்டைம் பதிவேடு என்று ஒன்று என் மேஜைக்கு வந்தது. திட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், சத்தம் குறைந்தது, வேறு வழிக்குப் போனது. கொழிஞ்சாம்பாறை அக்காவைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்து அடித்தளக் குடோனில் போட்டார்கள், சரக்கு எண்ணிக் குறிக்கிற வேலை. இன்சென்டிவ் போயிற்று, பேச ஆளில்லை, வெளிச்சமில்லை. வேலையிலிருந்து நீக்கினால் கேள்வி வரும், தானாகவே போகும்படி செய்துவிட்டால் வராது. ஃபிரான்ஸில் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் இப்படித்தான் ஆயிரக்கணக்கான ஊழியர்களைத் தானாக வெளியேற வைக்கப் பார்த்தது, ஊழியர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள், 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அங்கே மனசை நோகடிக்கிற துன்புறுத்தலுக்கு 2002 முதலே சட்டம் இருக்கிறது. நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அக்கா குடோனில் உட்கார்ந்து பேல் எண்ணிக்கொண்டிருந்ததை எந்தச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துவது?

பலரும் நினைக்கிற மாதிரி 2013-இல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இதற்கெல்லாம் உதவாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், சின்னக் கடை என்றாலோ முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. ஆனால் பாலியல் சீண்டல் அதில் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். சாதியைச் சொல்லி நாலு பேர் முன்னால் இழிவுபடுத்தினால் 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தயங்கவே கூடாது. 20 பேருக்குக் குறையாத தொழிலிடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 2010-லேயே திருத்தம் வந்தது, எங்கள் கடையில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. வெறும் அவமானத்துக்கு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஆளைத் தேய்ப்பதற்கு, நேராக ஒரு கதவு இல்லை. ஸ்டூல், சாவி, சம்பளச் சீட்டு என்று பக்கவாட்டுக் கதவுகளைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. தட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கதவுகளும் யாரோ அடிவாங்கித் திறந்தவை.

2020 மார்ச்சில் வாளையார் அடைத்தார்கள். பாஸ் இல்லாமல் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாது என்று ஆனது. கடை திறந்த பிறகும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் பேசினால் "தேவைப்பட்டா சொல்றோம்" என்றார்கள். லேபர் ஆபீஸுக்குப் போனதாலா, எல்லை அடைத்ததாலா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் சாவடியிலேயே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். அக்கா குடோனிலிருந்து தானாகவே நின்றுகொண்டார், இப்போது கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே சேலை வைத்து விற்கிறார். சேச்சி இன்னும் அதே கடையில்தான், அதே தளத்தில்.

"எதிர்த்துப் பேசு" என்று சொல்கிறவர்களுக்கு

திட்டு வாங்குகிறவளுக்கு நாம் கொடுக்கிற யோசனை இரண்டே இரண்டுதான். ஒன்று, அனுசரித்துப் போ. இன்னொன்று, தைரியமாக எதிர்த்துப் பேசு. இரண்டாவது கேட்கக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான், இரண்டிலும் வேலை முழுக்க அவள் தலையில். அட்வான்ஸ் கழிந்துகொண்டிருக்கிறது, வீட்டு வாடகை இருக்கிறது, அடுத்த மாதம் பிள்ளைக்கு ஃபீஸ். அந்த இடத்திலேயே பலம் குறைந்த ஆள் அவள் என்பதால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளிடம் போய் நீயே சண்டை போடு என்பது எந்த ஊர் நியாயம்? பேச வேண்டியது பட்டியலில் இல்லாத ஆட்கள். டெய்லர் மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "சார், பொம்பளைங்க மேல துணி எறியாதீங்க" என்று சுமட்டுக்காரர்களில் ஒருவர் சொல்லியிருந்தால், அதற்கப்புறம் அந்தக் கை எழுந்திருக்குமா? அவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் கிடையாது.

என் அக்கா மகள் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங்கில் இருக்கிறாள். அவளுக்கு மேலே இருப்பது ஒரு பெண் இன்சார்ஜ். ஆண் மேனேஜர், பெண் ஊழியர் என்றால்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கணக்கு இடித்தால் எல்லோர் முன்னாலும் "உன்ன மாதிரி கேசையெல்லாம் யாரு படிக்க வெச்சது" என்பாளாம். வாட்ஸப் குரூப்பில் அவள் செய்த தப்பை மட்டும் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவாளாம். வீட்டில் என் அக்காவும் மாமாவும் வழக்கம்போல, "எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருக்கும், ஒரு வருசம் பல்லக் கடிச்சுட்டு இரு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வரட்டும்" என்றார்கள். அவள் ஒரு நாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "சின்னம்மா, தப்பு எம்மேலதான் போலிருக்கு, எனக்கு வேலை வரல" என்று அழுதாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்த அம்மா யாரையெல்லாம் திட்ட மாட்டாள்? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டாக்டரோட சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ இதே தப்ப பண்ணினா இவங்களே உக்காந்து திருத்திக் குடுப்பாங்க" என்றாள். சொல்லி முடிக்கும்போதே குரல் மாறிவிட்டது, எனக்கு நன்றாகக் கேட்டது.

அன்றிலிருந்து எழுதி வைக்கச் சொன்னேன். என்ன தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் வேண்டாம், சொந்த நோட்டில். குரூப்பில் வருகிறதை அன்றன்றைக்கே படம் பிடித்து வீட்டு ஆள் ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும், பிற்பாடு அவர்கள் அழித்தாலும் நம்மிடம் இருக்கும். வாயால் சொல்கிற உத்தரவுக்கு, "நீங்கள் சொன்னபடி இன்றைக்கு இதைச் செய்கிறேன் மேடம்" என்று மரியாதையாக ஒரு மெசேஜ் போட்டு வைக்க வேண்டும். வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் வீட்டில் இருக்க வேண்டும். இதெல்லாம் கணக்கெழுதுகிற பழக்கத்தில் எனக்கு வந்தது, எழுதாத பணமும் எழுதாத திட்டும் பிற்பாடு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு துணை தேடச் சொன்னேன். அது கிடைக்கத்தான் நாளானது. முதலில் கேட்ட பெண் "எதுக்கு வம்பு" என்று ஒதுங்கிவிட்டாள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அவளும் பட்டியலில் இருக்கிறவள்தான். கடைசியில் சம்மதித்தது ஃபார்மசியில் இருக்கிற ஒரு சீனியர் அண்ணன், அந்த இன்சார்ஜுக்குக் கீழே வராதவர், அங்கேயே ரொம்ப வருஷமாக இருப்பவர். குரூப்பில் அந்தச் சிவப்பு வட்டம் மறுபடி வந்த அன்றைக்கு, "இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாமே மேடம்" என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி அவர் ஒரு வரி போட்டார். அதற்கு அந்த அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. இப்போது வட்டமும் வருவதில்லை, ஆனால் அக்கா மகளுக்கு மட்டும் நைட் ட்யூட்டி கூடிக்கொண்டே போகிறது.

நோட்டை நான் முழுக்கப் படித்துவிட்டேன், மலையாளத்திலோ தமிழிலோ எழுதாமல் ஆஸ்பத்திரி எச்ஆருக்குப் புரிகிற ஆங்கிலத்தில் ஒரு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். அக்கா மகளோடு நைட் ட்யூட்டி பார்க்கிற இன்னொரு பெண்ணும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஃபார்மசி அண்ணன் சாட்சிக்கு வருகிறார். திங்கட்கிழமை காலையில் கொடுக்கப் போகிறார்கள், நானும் லீவு போட்டுக் கூடப் போகிறேன்.